இடமிருந்து வலம்

பீடோங்கில், முடிவெட்டும் கடைக்கு மேலே
ஓர் அறை. வாடகை நானூறு வெள்ளி.
விசிறியைப் போட்டால் காகிதங்கள் பறக்கும்,
போடாவிட்டால் நான் உருகுவேன்.
சனிக்கிழமைகளில் உருகுகிறேன்.

பெட்டி எண் பதினான்கு:
டிரெசர் சவரிராயன், தோட்டத்து ஆஸ்பத்திரி,
ஐம்பத்தெட்டு முதல் எண்பத்தொன்று வரை.
மகள் பிலோமினா காரில் கொண்டுவந்து இறக்கினார்.
"கரையான் வருமுன்னே நீங்க வந்துட்டீங்க."
கரையான் முந்திவிட்டிருந்தது. சொல்லவில்லை.

எதையும் எறியாத மனிதர்.
மேனேஜருக்கு எழுதிய ஒவ்வொன்றுக்கும் நகல்:
கொயினா தீர்ந்துவிட்டது.
பிள்ளைக் கொட்டகைக்குப் பால்மாவு வேண்டும்.
மீண்டும் பால்மாவு.
முன்பு எழுதியதற்குப் பதில் வராதபடியால், பால்மாவு.
திருச்சியிலிருந்த தம்பிக்கு எழுதினாலும் நகல்தான்:
இங்கு யாவரும் நலம்.
தேய்ந்த கார்பன் தாள் ஒன்றை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
பால்மாவின் மேல் நலம் ஏறி உட்கார்ந்திருந்தது.
நலத்தின் மேல்
ஒரு குழந்தையின் இறப்பு, நேரத்தோடு.
படிவம் கேட்கிறது: தனிப்பட்டது / தொழில் சார்ந்தது.
பொருந்தாததை அடிக்கவும்.
நான் எதையும் அடிக்கவில்லை.

பிறகு அந்தப் படம்.
அஞ்சலட்டை அளவு, ஆண்டு இல்லை.
ஆஸ்பத்திரி வாசலில் நான்கு பேர்.
பின்புறம் அவர் கையெழுத்து, இடமிருந்து வலம்:
பெரிய கிராணி, டாக்டர், நான், மருந்து கலக்கும் இராகவன்.
இடது ஓரத்தில், கிராணிக்கும் முன்னால்,
ஒரு முழங்கை,
ஓர் எனாமல் பேசினின் விளிம்பு.
அட்டவணையில் எழுதினேன்: நால்வர்.

தவமணியைப் பேட்டி காணப் போனது வேறு காரியத்துக்கு;
லயம் உடைத்த வருடம் சரியாகத் தெரியவேண்டியிருந்தது.
மலிவு வீடு, நாலாம் மாடி, லிஃப்ட் ரிப்பேர்.
மைலோ கலக்கி வைத்துவிட்டு
ரெக்கார்டரை முறைத்தார்.
"இதுல என்னை என்னன்னு போடுவே?"
தோட்டத் தொழிலாளி, என்றேன்.
"பால் மரத்தை நான் தொட்டதே கிடையாது."

பேச்சை மாற்றப் படத்தை எடுத்தேன்.
நால்வரையும் அவர் பார்க்கவில்லை.
விரல் நேரே ஓரத்துக்குப் போனது.
"இது நானு."

சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார்:
ஊசி வேகவைக்கும் பானையின் ஆவி
அறுபத்து மூன்றில் வைத்த தழும்பு,
மாங்கொட்டை அளவு.
படத்தில் அதைப் புழுதி என்று நினைத்திருந்தேன்.
இருபத்திரண்டு வருடம் அந்தப் பேசின்.
ரத்தம், வாந்தி, பனிக்குடத் தண்ணீர்.
ஒருமுறை ஒரு விரல்;
சாயங்காலம் அதன் சொந்தக்காரன் வந்து கேட்டானாம்.

படமெடுக்கும்போது தள்ளி நிற்கச் சொன்னது யார்?

"யாரும் சொல்லலயே. நானாத்தான் நகர்ந்தேன்.
பேசின் நிறைஞ்சிருந்துச்சு."

பிறகு, "அதை நிறுத்து" என்றார். நிறுத்தினேன்.
நிறுத்திய பின் பேசியது பதினேழு நிமிடம்.
அது ஆவணத்தில் இல்லை,
இதிலும் இல்லை.

சனிக்கிழமை, நால்வரை அடித்து ஐவர் என்று எழுதினேன்.
ஆண்டு: அறுபத்து மூன்றுக்குப் பின், தழும்பின்படி.
இடமிருந்து வலம்: [தவமணி த/பெ மாடசாமி, ஆஸ்பத்திரி ஊழியர்],
பெரிய கிராணி, மற்றவர்கள்.

பிலோமினா போன் செய்தார்.
"அப்பா எழுதினதை நீங்க மாத்தலாமா?"
அடைப்புக்குறி போட்டிருக்கிறேன், என்றேன்;
அதற்குள் இருப்பது எங்கள் கை.
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை,
பின்னால் ஏதோ குக்கர் மட்டும்.
"அந்தப் பால்மாவு, கடைசியில வந்துச்சா?"

கோப்பில் இல்லை.

தவமணி ஒரு பிரதி கேட்டிருந்தார்.
முழுசாக வேண்டாம், அந்த மூலை மட்டும், பெரிசாக.
எதிர்வரிசை போட்டோ கடையில் அச்சு வந்ததும்
பையன் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினான்.
"அக்கா, ஆள் எங்கே?"

மூன்று வெள்ளி ஐம்பது காசு.
மீதியை வாங்கிக்கொண்டு
ஈரம் படாமல் சட்டைக்குள் வைத்துச் சாலையைக் கடந்தேன்.