எழுபது வோல்ட்

ஐஸ் மெஷின் செவ்வாய்க்கிழமையே படுத்துவிட்டது.
ஊட்டியில் ஐஸ் இல்லை என்றால்
கோயமுத்தூர் சப்ளையர் சிரிக்கிறான்.

ஜெல் தொட்டியை ஜன்னலுக்கு வெளியே
சிமெண்ட் விளிம்பில் வைத்தோம், நானும் போஜனும்.
கீழே புல்லில் உறைபனி வெளுத்துக்கொண்டிருந்தது.
எழுபது வோல்ட். மின்கம்பியில் சோடாக் குமிழி.

நேற்று தொண்ணூறு டிகிரியில் எல்லாம் ஒரே குழம்பு:
ஒரு நீள இழை, இருநூறு வகைக் குட்டி இழைகள்.
ஆற ஆற
ஒன்றையொன்று தேடிப் பிடித்து, மடிந்து
முக்கோணமாகிவிட்டன.
என் பங்கு, தொடாமல் இருந்தது.

பிரிப்பதுதான் என் வேலை.
கட்டிப்போனவை குழியை விட்டு அசையவில்லை.
முக்கோணங்கள் நடுவே, மெதுவாக.
எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடுகின்றன
மிஞ்சிய குட்டிகள்;
பத்து மடங்கு போட்டிருந்தேன்.
ஒன்றிலும் ஓர் எழுத்துப் பிழை கிடையாது.
போய்ச் சேர்வதற்குள் இடம் நிரம்பிவிட்டது,
அவ்வளவுதான்.

இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
நின்ற இடத்திலேயே கோடுகள் கலைய வேண்டும்.
கலையவில்லை.
நாற்பது நிமிஷம்
குளிர் அவற்றைப் பிடித்து வைத்திருந்தது.

பிறகு நீல விளக்கு, பிளேடு.
வெட்டிய துண்டை உறையவைத்து
மெழுகுத்தாளில் வைத்துக்
கட்டைவிரலால் பிழிந்தேன்.
விரல் எனக்குச் சொந்தமில்லாததுபோல் மரத்திருந்தது.
ஒரு சொட்டு. இன்னொன்று.

"எவ்ளோ தேறிச்சு?"
"மூணுல ஒண்ணு."
கேத்தியில் முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் போஜன்
யோசித்துவிட்டுச் சொன்னார்:
"பரவால்லியே.
இலைக்கு நாலரைக்கு ஒண்ணுதான்."