உறவுமுறை என்ற கட்டம்

தோலோன் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தோம்.
வண்டிக்குள் ஒன்பது பேர், இரண்டு மூட்டை மாவு,
கூண்டில் ஒரு கோழி.
வளைவுக்கு அப்பால் ஆட்டுமந்தை.
நான் ஆடுகளைத்தான் பார்த்தேன்.
அவற்றுக்கு வழிவிட்டு நின்ற சைக்கிளைப் பார்க்கவில்லை.

பெரிய சத்தமெல்லாம் இல்லை.
தகர டப்பாவை யாரோ காலால் தள்ளியது போல.
பிறகு கோழி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

சரளையில் கிடந்தவளுக்கு என் அக்கா வயது இருக்கும்.
தலைக்கவசம் பிளந்திருந்தது, தலை முழுசாக இருந்தது.
இடது தொடைதான்
திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.
"தூக்காதே" என்றார் ஒருவர். "தூக்கு" என்றார் இன்னொருவர்.
ஆம்புலன்ஸ் ஒன்றுதான்,
அதுவும் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது.
பின்சீட்டைக் கழற்றி அதன்மேலேயே அவளைக் கட்டினோம்.
மாவு மூட்டைகளை இருபுறமும் அண்டக் கொடுத்தோம்.
நாரின் போகும் சாலையில் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும்.
அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் இருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் உண்டு, கட்டில் உண்டு.
மற்றதெல்லாம் எதிர்த்த மருந்துக்கடையில்.
கையுறை, ஊசி, சலைன், பஞ்சு.
டாக்டர் மீரிம் துண்டுச்சீட்டில் எழுதுவார்,
சொந்தக்காரர்கள் ஓடுவார்கள்.
எழுதிய சீட்டை நீட்டியபடி
அவர் சுற்றிலும் பார்த்தார். என்னோடு வந்தவர்கள்
சுவரைப் பார்த்தார்கள்.
நான் வாங்கிக்கொண்டு ஓடினேன்.
நாள் வசூல் மூன்றாவது சீட்டோடு தீர்ந்தது.

நர்ஸ் படிவத்தை நிரப்பினாள்.
"நீங்கள் இவருக்கு என்ன வேண்டும்?"
"இடித்தவன்" என்றேன்.
பேனா நின்றது.
"அப்படி ஒரு உறவுக்கு இதில் கட்டம் இல்லை."
தம்பி என்று எழுதிக்கொண்டாள்.

காலை இழுத்துக் கட்டி, கயிற்று நுனியில்
மூன்று செங்கல் தொங்கவிட்டார்கள்.
அவள் செங்கற்களைப் பார்த்தாள்,
கூரையைப் பார்த்தாள், கடைசியில் என்னை.

இன்சூரன்ஸ் கம்பெனி போனை எடுக்கும்வரை பியானோ வாசித்தது.
லிஸ்பனில் ஒருத்தி கேட்டாள், நடுவில் இன்னொருத்தி
அதை ருஷ்ய மொழியில் எனக்குச் சொன்னாள்.
பாலிசி எண் சேறு படிந்த பையில் இருந்தது.
எண்ணை எச்சில் தொட்டுத் துடைத்து வாசித்தேன்.
"விபத்துக்குக் காரணம்?"
"நான்தான்."
மொழிபெயர்ப்பவள் தயங்கினாள்:
"அப்படியே சொல்லட்டுமா?"
"அப்படியே."

ஐந்து நாள். சைராகுல் வீட்டிலிருந்து சூப் கொண்டு வருவாள்,
எண்ணெய் மிதக்கும் ஆட்டுக்கால் சூப்.
முதல் நாள் அவள் தொடவில்லை.
மூன்றாம் நாள் எலும்பைக் கேட்டு வாங்கிக் கடித்தாள்.
தாளில் ஒரு தபால்பெட்டி வரைந்து தன்னைக் காட்டினாள்.
முப்பது வருஷம் கடிதம் கொடுத்தவளாம், பெயர் இல்டா.
நான் ஸ்டியரிங் வரைந்தேன். வரைந்த பிறகுதான்
வரைந்திருக்க வேண்டாம் என்று பட்டது.

போலீஸ்காரர் வாக்குமூலம் வாங்க வந்தபோது
அவள் என்னை மன்னித்துவிடுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.
நானும் நினைத்தேன், பொய் சொல்வானேன்.
அவள் இரண்டு பக்கம் எழுதினாள்.
பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சர் உரக்க வாசித்தார்:
வேகம் அதிகம். ஆடுகளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
மருந்துக்கெல்லாம் அவர்தான் பணம் கொடுத்தார்.
இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உரிமம் ஆறு மாதத்துக்குப் போயிற்று.
அவள் பிஷ்கெக் வழியாக விமானத்தில் போனாள்,
இரண்டு இருக்கையை மடக்கிப் படுக்கையாக்கி.
வளைந்த சைக்கிளை யாரும் கேட்கவில்லை,
இன்னும் கொட்டகையில் கிடக்கிறது.

நேற்று மறுபடி போன் வந்தது.
மருந்துக்கடை ரசீதுகள் இருந்தால் அனுப்பலாமாம்.
இருக்கிறது, மாவு ஒட்டிக்கொண்ட பதினொன்று.
சூப்புக்கு ரசீது கிடையாது, அதை நான் சொல்லவில்லை.
"பணத்தைக் கோருபவர் நோயாளிக்கு என்ன உறவு?"
வாயைத் திறந்தேன், மூடினேன்.
"லைனில் இருங்கள்" என்றாள்.
பியானோ தொடங்கியது.
இருக்கிறேன்.