பத்து மீட்டர்

ரோஸ்ஹில் பஸ் நிலையத்தில்
கோடு போடச் சொன்னது நகராட்சி.
பெஞ்சிலிருந்து பத்து மீட்டர்,
மஞ்சள் பெயின்ட், கையகலம்.
உள்ளே நின்று யாரும் புகைக்கக் கூடாது.
தாளில் முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது.
காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று
ஒரு வரி இல்லை.

நாடாவின் ஒரு முனை என்னிடம்.
மறுமுனையில் காயெத்தான்,
உதட்டில் சிகரெட்டோடு.
"கோடு காயட்டும், அப்புறம்தான் சட்டம்."
ஜூலைத் தூறலில்
பெயின்ட் லேசில் காயாது என்று
அவனுக்குத் தெரியும்.

இந்தக் கோட்டுக்கு மனு எழுதியவர்
தால்பூரி வண்டி மதாம் வீராப்பென்.
மூன்று வருடம், நாலு கடிதம்,
பதினோரு கையெழுத்து.
ஏழாவது என்னுடையது:
வலது கையால் போட்டேன்,
இடது கை முதுகுக்குப் பின்னால்
புகைந்துகொண்டிருந்தது.

நாடா விறைத்து நின்றது.
பத்து மீட்டர் முடிந்த இடத்தில்
காயெத்தான் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.
அங்கிருந்து இரண்டு எட்டில்
அவர் வண்டி.

பெஞ்சுகளிலிருந்து துரத்தப்பட்ட அத்தனை பேரும்
இனி அவர் அடுப்போரம் நிற்பார்கள்.
சட்டப்படி.

அவர் கல்லில் மாவைத் திருப்பினார்,
புறங்கையால் வாயைப் பொத்தி இருமினார்,
திரும்பவும் மாவைத் திருப்பினார்.
எங்களைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்
நேராகவே போட்டிருப்பேனோ என்னவோ.

உருளையை நனைத்தேன்.
முதல் பெஞ்சு, இரண்டாம் பெஞ்சு வரைக்கும்
நூல் பிடித்த மாதிரி வந்த கோடு
மூன்றாவதில் வயிறு தள்ளியது,
வண்டியைச் சுற்றி,
அவர் மழைக்கு நிற்கும் தகரக் கூரையைச் சுற்றி,
சாக்கடை மூடி வரை போய்
ஒன்றும் நடக்காதது போலத் திரும்பியது.

"இது பதினெட்டு" என்றான் காயெத்தான்.
"நாடா தொய்ந்துவிட்டது" என்றேன்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார்.
குடையைச் சாய்த்து, குனிந்து,
அந்த வயிற்றை ரொம்ப நேரம் பார்த்தார்.
இரண்டு தால்பூரி வாங்கினார்,
ஊறுகாய் கூடுதலாக.
படிவத்தில் 'சரி' என்று எழுதினார்.

ஐந்தரை மணிக்கு வேலை முடிந்தது.
சட்டைப் பையைத் தடவிக்கொண்டே நடந்தேன்,
பெஞ்சு, வண்டி, தகரக் கூரை, சாக்கடை மூடி.
நான் போட்ட கோடுதான்.
இவ்வளவு தூரமா என்றிருந்தது.

மூடிக்கு அந்தப் பக்கம் நின்று பற்றவைத்தேன்.
மலைப்பக்கமிருந்து காற்று திரும்பியது.
என் புகை
கோட்டைத் தாண்டி, சாவகாசமாக,
உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இன்னும் பத்தடி நகர்ந்தேன்.
காற்றும் நகர்ந்தது.