இல்லை என்று எழுதும் வேலை

சந்தையில் யாராவது கேட்டால்
ஆராய்ச்சி என்பேன், அதோடு நிறுத்திக்கொள்வேன்.
மாமியாருக்கு மட்டும் விவரம் தெரியும்:
இபாதானில் ஒரு கட்டிடத்தின் பின்கட்டில்
பிள்ளைகளின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி,
உயிரணுக்களுக்கு ஊட்டுகிறவள் நான்.
விருந்தில் என்னைப் பரிமாற விடமாட்டார்.

வியாழக்கிழமை வந்தது பெட்டி.
வந்த வழி தாளில் இருந்தது.
சாட் ஏரியில் நாணல் சூழ்ந்த ஒரு தீவு.
யகாகா, வயது இரண்டு.
காய்ச்சலடித்த மூன்றாம் நாள் இடது கால் துவண்டது.
சுகாதாரப் பணியாளர் மோது ஐசாமி
ஒரு குப்பி எடுத்தார்,
ஒரு நாள் விட்டு இன்னொன்று.
இடைப்பட்ட இரவு மீன் உலர்த்தும் பரணடியில் படுத்திருந்தார்,
பிள்ளை மறுபடி வெளிக்குப் போகும்வரை.

படகு, மோட்டார் சைக்கிள், பிறகு லாரி.
சோதனைச் சாவடியில் திற என்றானாம் சிப்பாய்.
உள்ளே என்னவென்று மோது சொன்னதும்
துப்பாக்கிதான் முதலில் பின்வாங்கியது.
இது தாளில் இல்லை.
போனில் சொல்லிச் சிரித்தார்.

பனிக்கட்டி பாதி உருகியிருந்தது.
பாதி போதும்.

இரண்டு வகை உயிரணு வளர்க்கிறோம்.
ஒன்று, எப்போதோ புற்று கண்ட ஒரு சிறுமியின் தசை;
அவள் பெயர் எங்கள் ஏடுகளில் இல்லை,
அவள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறாள்.
மற்றது எலியுடையது,
போலியோ தட்டினால் திறக்கும்படி
மனிதக் கதவு ஒன்று பொருத்தியது.

நான்காம் நாள் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இருமி நின்றது.
காவலாளி அகின்வாலே தன் வண்டியிலிருந்து
வாயால் பெட்ரோல் உறிஞ்சி ஊற்றினார்.
துப்பிக்கொண்டே கேட்டார்:
எலிக்கா இவ்வளவும்?

ஐந்தாம் நாள் பார்த்தேன்.
பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தவை
உருண்டு, கழன்று, மிதந்தன,
மழை விட்டபின் ஈசல் சிறகுகள்போல.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
இந்தப் பானையில் ஏறக்குறைய இருநூறு சோறு.
ஒன்றுக்குத்தான் கால் துவளும்.
மற்றவை ஏரியில் நீந்தும், சண்டை போடும்,
வயிற்றில் வைத்திருப்பதை அறியாமல்
அடுத்த பானைக்குப் போகும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கக் கடல் தாண்டி அனுப்பினோம்.
சுமார் தொள்ளாயிரம் எழுத்துள்ள ஒரு துண்டு.
ஆண்டுக்கு ஒன்பது பிழை விடும் அந்தக் கிருமி,
சோம்பலும் இல்லை, அவசரமும் இல்லை.
பதிலில் முப்பத்தெட்டு பிழை.

வகுத்துப் பார்த்தேன். திரும்ப வகுத்தேன்.
நான்கு ஆண்டுக்கு மேல்.
நான்கு ஆண்டும் மாதம் தவறாமல்
அந்த ஏரிக்கு எதிரே இல்லை என்று எழுதியது
என் கை.
வராத குப்பிகளின் இல்லை.
போர் மூடிய தீவுகளின் இல்லை.
கையெழுத்து அழகாகத்தான் இருந்தது.

அதன்பின் சொட்டு மருந்துப் படகுகள் போயின,
முன்னால் ஒன்று ராணுவத்தோடு.
ஓடியாடும் பிள்ளைகளின் குப்பிகளும் வந்தன,
சாக்கடை நீர் வந்தது,
நாற்றம் பின்கட்டு தாண்டி இயக்குநர் அறை வரை போனது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

யகாகா எப்படி என்று மோதுவிடம் கேட்டேன்.
கோல் ஊன்றி நடக்கிறாள்,
படகு வந்தால் எல்லோரையும் தள்ளிவிட்டு
முதலில் ஏறுகிறாள் என்றார்.
மேலே கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போதும் இல்லை என்றுதான் எழுதுகிறேன், பல மாதங்களாக.
பக்கத்தில் பென்சிலால்
எந்தத் தீவிலிருந்து எத்தனை குப்பி,
எந்தத் தீவிலிருந்து ஒன்றுமே இல்லை என்று.
இரண்டு இல்லையும் ஒன்றல்ல.

இன்று பதினொரு பெட்டி.
ஒன்றில் பனி முழுக்கத் தண்ணீர்.
எண்ணிட்டு வைத்தேன்.
இரண்டாம் குப்பி எங்கே என்று
கேட்டு எழுதியிருக்கிறேன்.