இடப்பக்கக் கதவுகள்

எட்டிமடை நிலையத்திலிருந்து வாளையாறு வரை
ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஸ்லீப்பர் கட்டைகள்.
அந்தச் சொச்சத்தில்தான் எனக்கும் துளசிமணிக்கும் தகராறு.
அவள் பாதியில் தும்மினாள், எனக்கு எண் நழுவியது.
திரும்பிப் போய் எண்ண இருவருமே தயாரில்லை.

தள்ளுவண்டியில் இரண்டு மூட்டை உப்பு.
கஞ்சிக்கோட்டில் குஞ்ஞாமு
உப்புக்குக் கப்பைக்கிழங்கு தருவான்,
கொசுறாக ஒரு பொய்யும்:
"அடுத்த மாசம் ரயில் ஓடும்."
பதினோரு வருஷமாக
அதே அடுத்த மாசம்.

மேலே, கணவாய்க் காற்று
இப்போது கண்ணாடித் தூளைக் கொண்டுவருகிறது.
பகலில் தலை நீட்டியவர்களின் கண்களைப் பற்றி
நாங்கள் பேசுவதில்லை.

செக்போஸ்ட் இருந்த இடத்துக்கு நேர் கீழே
சுரங்கச் சுவரில் ஒரு மஞ்சள் கோடு.
இந்தப் புறம், எச்சில் துப்பாதீர்.
அந்தப் புறம் அதுவே வேறு எழுத்தில்.
இரண்டின் மேலும் வெற்றிலைக் கறை.
கேட்க ஆளில்லை. இருந்தும்
ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி
"உப்பு, ரெண்டு மூட்டை" என்று
இருட்டிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

அன்றைக்குத் தண்டவாளம் அதிர்ந்தது.
ரயில், என்றேன்.
ரயிலேதான், என்றாள்.
குஞ்ஞாமுவை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்று
அப்போதுதான் தெரிந்தது.
சுவரோடு பல்லியாக ஒட்டினோம்.

எந்த பேட்டரியில் மிச்சமிருந்ததோ,
ஒலிபெருக்கி கனைத்தது:
"அடுத்த நிலையம் வாளையாறு.
கதவுகள் இடப்பக்கம் திறக்கும்."
பிறகு அதே பெண், மலையாளத்தில்:
"வாதிலுகள் இடதுவசத்து துறக்கும்."

துறக்கும்.
அவர்களுக்கு அது திறப்பு.
என் காதுக்கு
எல்லாவற்றையும் விட்டுவிட்டுக்
காவியோடு கிளம்பும் கதவுகள்.

வந்தது யானை.
இடிந்த எஸ்கலேட்டர் சரிவில் இறங்கி,
சுவர்க் கசிவில் நாவை நனைக்க வந்தது.
பின்னால் குட்டி, அதன் விலாவை எண்ணலாம்.
ரயில் ஓடிய காலத்தில்
மேல் தண்டவாளத்தில் சிதறியவற்றின் வம்சம்.
கடக்குமுன் நின்றது.
தும்பிக்கையை இரும்பின் மேல் வைத்துக் கேட்டது,
முதலில் கோவைப் பக்கம்,
பிறகு பாலக்காட்டுப் பக்கம்.
வெகுநேரம் கேட்டது.
அப்புறம்தான் குட்டியைக் கூட்டிவந்தது.

உப்பு வாசனை அதற்குத் தெரியாதா.
மூட்டை கிழிந்த சத்தத்தில்
நான் வண்டியை இழுக்கப் பார்த்தேன்.
துளசிமணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கஞ்சிக்கோட்டில் குஞ்ஞாமு கேட்டான்,
இன்னொரு மூட்டை எங்கே?

"செக்போஸ்ட்டில் பிடித்துக்கொண்டார்கள்" என்றாள்.