எடைக்கல்

தேக்கா சந்தையில் காலை ஏழு மணிக்கு
கொடுவா விற்கும் ஆ ஹோக்கின் தராசில்
என் பையிலிருந்த ஐந்து கிலோ எஃகுக் கல்லை வைத்தேன்.
ஐந்து கிலோ பதினைந்து கிராம் என்றது.
"பதினைஞ்சுதானேம்மா" என்றார், நல்ல தமிழில்.
ஸ்டிக்கர் ஒட்டவில்லை.
இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் வேலை.
பொய் சொல்லும் தராசை
பொய் சொல்லத் தெரியாத ஒரு கல்லால் பிடிப்பது.

வீட்டுத் தராசை மட்டும் எப்படிப் பிடிப்பது?
தள்ளுபடியில் முப்பத்தொன்பது வெள்ளி.
காலையில் வெறுங்காலோடு ஏறினால்
கொழுப்பு முப்பத்தெட்டு சதவீதம்.
இரவு, ரசமும் ஒரு லிட்டர் தண்ணீரும் உள்ளே போன பிறகு
முப்பத்துநான்கு.
சந்தை சந்தையாக நடந்ததில் நாலு கரைந்ததென்று
முதல் வாரம் நம்பினேன்.
அது கொழுப்பைப் பார்ப்பதே இல்லையாம்.
ஒரு பாதத்தில் துளி மின்சாரத்தை விட்டு
மறு பாதத்தில் வாங்கிக்கொண்டு
வழியில் எவ்வளவு ஈரம் என்று விசாரித்து
மீதியை ஊகிக்கிறது.
இடுப்புக்கு மேலே நான் இருப்பதே
அதற்குச் சரியாகத் தெரியாது.

ஈசூன் உடற்பயிற்சிக் கூடத்தில்
கையால் பிடிக்கும் கருவி ஒன்று.
அதற்கு இடுப்புக்குக் கீழே இருட்டு.
முப்பத்தொன்று என்றது.
மூன்று முறை போய்ப் பிடித்தேன்.

பிறகு புவன விஸ்தாவில் ஓர் ஆய்வுக்கூடம்.
ஐம்பது தாண்டிய பெண்கள் தேவை,
அறுபது வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு.
பதிவுத் திரையில் என் பெயர்
மங்கையர்க்க
என்று நின்றுவிட்டது. அரசிக்கு இடமில்லை.
அடுத்த கட்டத்தில் இனம் கேட்டது.
எதற்கு என்றேன்.
"பழைய சூத்திரம் வெள்ளைக்காரர்களை அளந்து போட்டது, ஆன்ட்டி,
நமக்குக் கொஞ்சம் இடிக்கும்" என்றாள் ஹுய் மின்,
ரவிக்கையைப் பற்றிப் பேசுவது மாதிரி.

இடுக்கியோடு அவள் வந்தபோது நண்டு ஞாபகம் வந்தது.
மேல்கைக்குப் பின்னால், தோள்பட்டைக்குக் கீழே,
ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கிள்ளினாள்.
இருபத்தாறு மில்லிமீட்டர். இருபத்தொன்பது. இருபத்தாறு.
அடிவயிற்றில் மட்டும் சதை மடியவில்லை.
யாழினி வெளியே வந்த தழும்பு.
விரலை அங்கே ஒரு நொடி வைத்திருந்துவிட்டு
தாளில் சின்னக் கோடு போட்டாள்.
இத்தனை கருவிகளுக்கு நடுவே
தெரியாது என்று சொன்னது
அந்தக் கோடு ஒன்றுதான்.

கடைசியில் எக்ஸ்ரே மேசை.
சங்கிலியைக் கழற்றச் சொன்னாள்,
தங்கத்தை எலும்பென்று எண்ணிக்கொள்ளுமாம்.
அசையாமல் கிடந்தேன்.
திரையில் மஞ்சளும் சிவப்புமாய் நான், வானிலை வரைபடம் போல.
தொடையில் கனமழை.
முப்பத்தாறு புள்ளி இரண்டு,
பக்கத்தில் கூட்டலும் கழித்தலும்
ஒன்றை ஒன்று சுமந்து நிற்கும் குறி.

தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.
"இந்த மெஷினை எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்?
உங்கள் எடைக்கல் எது?"
ஒரு பிளாஸ்டிக் கட்டை உண்டு, தினமும் காலையில் வைப்போம் என்றாள்.
"கட்டைக்குச் சரி. மனுஷனுக்கு?"
ஹுய் மின் கதவைப் பார்த்தாள்.
எப்போதோ, எங்கோ, சிலரை
இறந்த பிறகு பிரித்து
கொழுப்பைத் தனியே எடுத்து நிறுத்தார்களாம்.
"நேராக நிறுத்தது அவ்வளவுதான், ஆன்ட்டி.
மற்றதெல்லாம் கணக்கு."

ரயிலில் வீடு வரை நின்றுகொண்டே வந்தேன்.
இடம் இருந்தது.

அடுத்த வாரம் ஆ ஹோக்கின் தராசு
ஐந்து கிலோவை ஐந்து கிலோ என்றது.
ஸ்டிக்கரை ஒட்டி, ஓரங்களை நகத்தால் தேய்த்தேன்.
என்னை ஏற இறங்கப் பார்த்து
"கொஞ்சம் பூசின மாதிரி இருக்கம்மா" என்றார்.
கருவியும் இல்லை, சூத்திரமும் இல்லை,
என் இனத்தைக்கூடக் கேட்கவில்லை.
கொடுவாவில் வயிற்றுத் துண்டு கேட்டேன்,
கொழுப்பு இருக்கும், விலையும் கூட.
நானூற்றுப் பதினைந்து கிராம்.
இதற்கு மட்டும் நான் பொறுப்பு.