கடற்கரை நாற்காலி

சாய்த்து உட்காரவைத்து நெற்றியில் பட்டை கட்டினார்கள்.
இந்த இருப்புக்குக் கடற்கரை நாற்காலி என்று பேராம்.
சிரித்துவிட்டேன்.
சின்னப்பாலத்தில் பிறந்து நாற்பத்தாறு வருஷம்,
கரையில் ஒருநாளும் நாற்காலி போட்டவளில்லை.

கழுத்தோரம் ஊசி. தோளிலிருந்து விரல்வரை
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை.
"தூங்கணுமா, பார்க்கணுமா?" என்றார் டாக்டர் ரஹ்மத் நிஸா.
பார்க்கணும் என்றேன்.
காப்பீட்டு அட்டையில் முனியக்காள்,
திரையில் முனியக்காளின் வலது தோள்.

மூன்று துளை, சாவித்துவாரம் மாதிரி.
ஒன்றில் விளக்கு, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் வேலை.
உப்புத்தண்ணீர்தான் என்றார் ஊசி போட்ட செல்வரூபன்,
உங்க கடல்ல கால்வாசி உப்பு.
அது பொங்கி உள்ளே நிறைந்ததும்
எனக்கு இடம் பிடிபட்டுவிட்டது:
குருசடைக்குத் தெற்கே, இரண்டு பாகம் ஆழம்,
கண்ணாடி மாட்டிக் குனிந்தால் தெரிகிற அதே வெளிச்சம்.
மேலே பவளப் பார். கீழே பாசி.

பாசி என்றால் என் தசைநார்.
கஞ்சிப்பாசி போல வெளுத்து, நுனி பிய்ந்து,
ஓட்டத்துக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆடியது.
எட்டு மாசத்துக்கு முந்தி ஓர் அமாவாசை,
ஈரச் சாக்கை வத்தையில் ஏற்றும்போது
உள்ளே துணி கிழிகிற மாதிரி ஒன்று.
அப்புறம் கொண்டை போட முடியவில்லை.
ஜாக்கெட் கொக்கியைப் பஞ்சவர்ணம் வந்து மாட்டினாள்.
ராத்திரி இரண்டு மணிக்குத் தோள் எழுப்பிவிடும்,
பாசிக்குப் போகிற நேரம் அதற்கு எப்படித் தெரிந்ததோ.

"மேல பாருங்க, எலும்பு கொக்கியாட்டம் வளைஞ்சிருக்கு.
கை தூக்கும்போதெல்லாம் நாரை உரசுது."
போன வாரமே கேட்டிருந்தேன், செதுக்கித்தான் ஆகணுமா?
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நாரைத் தைக்கிறதுதான் வேலை.
செதுக்கினாலும் செதுக்காட்டியும் ஒண்ணுதான்னு
இப்ப நிறையப் பேர் சொல்றாங்க.
உங்களுக்கு முள்ளா நீண்டிருக்கு. அதை மட்டும்."
பொய் சொல்லாத டாக்டர்.
அதனால்தான் பயம் வந்தது.

கயிறு பாரில் உரசி அறுந்தால்
நாங்கள் பாரையா தேய்க்கிறோம்?
கயிற்றை மாற்றிக் கட்டுவோம்.
தீவுப் பக்கம் விரல் நீளப் பவளம் உடைந்து சாக்கில் கிடந்தாலே
வனத்துறைக்காரர் கவிழ்த்துக் கொட்டித் தேடுவார், கேஸ்.
இந்தப் பாருக்கு நானே கையெழுத்துப் போட்டேன்,
இடது கையால், கோணலாக.

சக்கரம் சுற்றியது.
கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம், அச்சு அசல்.
முங்கி வேலை செய்தவளுக்கு அது தெரியும்.
வெள்ளைத் தூள் கிளம்பிக் கலங்கியது.
கொறித்ததை மீன் மணலாகக் கழித்துவிட்டுப் போகும்;
என் எலும்பு மணலாவதை
வலியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"எவ்வளவு?"
"ஒரு அரிசி நீளம்."
"புழுங்கலா, பச்சையா?"
முகமூடிக்கு மேலே அவர் கண் சிரித்தது.

பிறகு நங்கூரம் கேட்டார்.
நிஜமாகவே அப்படித்தான் கேட்டார்.
நர்ஸ் எடுத்துக் கொடுத்தாள்:
வேப்பங்கொட்டை அளவு, வாலில் நீல நூல்.
இரண்டு நங்கூரம் எலும்பில் இறங்கின,
நார் இழுபட்டுக் கரையோடு ஒட்டியது.
பிடிக்குமா என்று நான் கேட்கவில்லை.
நங்கூரம் போட்டவரிடம் அதைக் கேட்பதில்லை.
காற்று மாறும்போது தெரியும்.

வாளியில் இறங்கிய தண்ணீர் பதினெட்டு லிட்டர்.
அதில் எங்கேயோ என் அரிசி.
இதை எங்கே ஊற்றுவீர்கள் என்றேன்,
ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

ஆறு வாரம் கை தூளியில்.
இரண்டு அமாவாசை, ஒரு பௌர்ணமி போயிற்று.
சாக்குத் தூக்க ஆறு மாசம், அதுவும் பார்த்துத்தான்.
பஞ்சவர்ணம் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போகிறாள்,
திரும்பி வந்து தண்ணீர் ஒரே கலங்கல் என்கிறாள்.
எனக்காகச் சொல்கிறாள்.

விரல்களை நண்டு மாதிரி சுவரில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள்.
எட்டிய இடத்தில் கரிக்கோடு.
சில நாள் நேற்றையக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது.
இன்று ஸ்விட்ச் வரைக்கும்.
போட்டேன். அணைத்தேன்.
பகல் பதினோரு மணி,
வெயில் வீட்டுக்குள் நிற்கிறது.
இன்னொரு தரம் போட்டேன்.